பிஷப்பைக் காணவில்லை

அத்தியாயம் 6

ஹவானாவில் குடை ரிப்பேர் பார்க்க அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கும். சிகரெட் லைட்டருக்கு கேஸ் அடைக்கக் கொடுக்கும். பொத்தானுக்குத் துணி சுற்றுவதற்குக்கூடத் தனி லைசென்ஸ் உண்டு. துப்பறிவதற்கு மட்டும் கிடையாது. ஆகவே ரெம்பெர்தோ கியாலா, வயது ஐம்பத்தெட்டு, அரசாங்கப் பதிவேட்டின்படி குடை ரிப்பேர்க்காரர். கடை திறந்து ஒன்பது மாதத்தில் அவரிடம் வந்த குடைகள் நான்கு. அவர் ரிப்பேர் செய்த பிறகு அவற்றில் இரண்டு கூரைக்கு அடியில் மட்டும் விரிந்தன.

அதற்கு முன் மதுபான ஆலையில் ஸ்டாக் சரிபார்க்கும் வேலை. இருபத்தாறு வருடம் காணாமல் போன பாட்டில்களைத் தேடினார். ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. ஆனால் யார் குடித்தது என்பது ஒவ்வொரு தடவையும் தெரிந்துவிடும். துப்பறிவாளனுக்கு இந்தத் தகுதி போதும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வேறு யாரும் அந்த முடிவுக்கு வரவில்லை.

கடையின் மறுபாதியில் லைட்டருக்கு கேஸ் அடைக்கும் யூசிமீ உட்கார்ந்திருப்பாள். முப்பத்து நாலு வயது. அவரை 'முதலாளி' என்று கூப்பிடுவாள். இந்த நாட்டில் அது கிட்டத்தட்ட வசவு. அவளுக்கும் அது தெரியும்.

ஜூன் மாதம், காலை பத்து மணி. கதவு நிறைய ஓர் உடம்பு நுழைந்தது. அதற்கு முன்னாலேயே குரல் நுழைந்துவிட்டது.

"தோழரே! பிஷப்பைக் காணோம்!"

"சர்ச்சுக்குப் போ, என் கண்ணு," என்றாள் யூசிமீ, தலையைத் தூக்காமல். "இங்க குடையும் லைட்டரும்தான். பிஷப் ஸ்டாக் இல்ல."

"அந்த பிஷப் இல்லம்மா! எங்க ரூட்டு பிஷப். ஸ்டெப்னி!"

வந்தவன் பெயர் அர்செனியோ பகாயாவ். பூங்கா ஸ்டாண்டிலிருந்து லா லீசா வரை ஓடும் ஷேர் டாக்சி டிரைவர். வண்டி 1953 செவர்லே, பச்சை. போன வருடம்தான் இந்த ரூட்டில் சேர்ந்தான். அவன் மாமியாருக்கு மூலம் என்பது வரை ரூட்டுக்கே தெரியும்; அவன்தான் சொன்னான்.

அந்த ரூட்டில் நாற்பது வண்டிகள். எல்லாம் ஓட்டுகிறவர்களைவிட மூத்தவை. வெளியே பார்த்தால் செவர்லே. உள்ளே இன்ஜின் கொரிய வேனுடையது, பிரேக் ரஷ்யக் காருடையது, ஹாரன் யாருடையது என்று கேட்பது மரியாதை இல்லை. அவற்றில் எது இருந்தாலும் ஸ்டெப்னி மட்டும் இருக்காது. உபரியாக ஒரு டயர் கிடைத்தவன் அதை ரோட்டில் ஓட்டுவானா, டிக்கியில் தூங்கவைப்பானா? ஆகவே நாற்பது டிக்கிகளின் தரையிலும் ஸ்டெப்னிக்கென்று அமெரிக்காக்காரன் அமைத்துக் கொடுத்த வட்டக் குழி காலியாகக் கிடந்தது. இந்த ஊரில் எதுவும் ரொம்ப நாள் காலியாகக் கிடக்காது என்பது வேறு விஷயம்.

தொல்லை என்னவென்றால், வருடத்துக்கு ஒரு முறை, வண்டி ஓட லாயக்கா என்று பார்க்கிற எஃப்.சி. வரும். எஃப்.சி. எடுக்கிற இன்ஸ்பெக்டர் டிக்கியைத் திறந்து பார்ப்பார். குழியில் டயர் இருந்தால் டிக் அடிப்பார். ஆகவே நாற்பது வண்டிக்கும் பொதுவாக ஒரே ஒரு ஸ்டெப்னி. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊருக்கும் விஜயம் செய்கிற பிஷப் மாதிரி, அது ஒவ்வொரு குழிக்கும் விஜயம் செய்யும். மற்ற நாட்களில் செர்ரோ பகுதியில் எனெய்தா என்ற விதவையின் வீட்டுச் சுவரில் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு தொங்கும். அவளுடைய மறைந்த கணவர் வில்ஃப்ரேதோ அந்த ரூட்டுக்கு விட்டுப்போன ஆஸ்தி அது.

"இன்னிக்கு மூணு மணிக்கு எனக்கு எஃப்.சி. பிஷப்பை எடுத்துட்டு வரலாம்னு காலைல போனா, சுவரு வெறுமையா இருக்கு. அந்தம்மா அழுவுறாங்க!"

"நாளைக்கு தேதி வாங்கிக்க," என்றார் ரெம்பெர்தோ.

அர்செனியோ சட்டென்று குரலைத் தாழ்த்தினான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இருக்கும். தொண்டைக்குப் பழக்கமில்லாமல் இருமல் வந்தது.

"பெர்மிட்டு இன்னிக்கோட முடியுது தோழரே. நாலு மாசமா தள்ளித் தள்ளிப் போட்டேன். இதை மட்டும் நான் யாருகிட்டயும் சொல்லல, வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கு விட்டா நம்பர் பிளேட்டைக் கழட்டிடுவான். திரும்ப வாங்க ஒரு வருஷம். வண்டி வாசல்ல நிக்கும். வீட்ல ஏழு பேரு அதைப் பாத்துக்கிட்டே பட்டினி கிடக்கணும்."

யூசிமீ லைட்டரைக் கீழே வைத்தாள். கடைக் கதவில் 'மழை காரணமாக விடுமுறை' என்ற பலகையை மாட்டினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

பச்சை செவர்லேயின் பின்சீட்டில் உட்கார்ந்ததும் ரெம்பெர்தோவின் முதுகுக்குப் பின்னால் சளசளவென்று ஏதோ குலுங்கியது.

"அது என்ன சத்தம்?"

"குழில தண்ணி. பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு ரொப்பி வெச்சிருக்கேன். எங்க தெருவுல மூணு நாளைக்கு ஒருதடவைதான் குழாய் வருது. பேரனை அதுலதான் குளிப்பாட்டுறது."

"டிக்கியிலயா?"

"வட்டமா இருக்கு, ஆழமா இருக்கு, வெயில்ல நின்னா வெந்நீரு. அமெரிக்காக்காரன் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான்."

எனெய்தா வசித்தது பதினோரு குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் பழைய கட்டடத்தில். நாற்பது கிலோ இருப்பாள். அதில் இரண்டு கிலோ மூக்குக் கண்ணாடி. மூவருக்கும் காபி கொடுத்துவிட்டு அழுதாள். அழுகை பலமாக இருந்தது. ஆனால் காபியில் சர்க்கரை கச்சிதமாக இருந்ததை ரெம்பெர்தோவின் நாக்கு குறித்துக்கொண்டது.

"நேத்து சாயங்காலம் ஒஸ்மெல் திருப்பிக் குடுத்தான்பா. அவன் வண்டிக்கு நேத்துதான் எஃப்.சி. நானே வாங்கி, நானே மாட்டினேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம்."

சுவரில் ஓர் ஆணி. அதற்குக் கீழே, வருடக்கணக்காக ஏதோ சாய்ந்திருந்ததால் வந்த கறுப்பு வட்டம். ரெம்பெர்தோ ஆணியை விரலால் தொட்டார். அது படம் மாட்டுகிற ஆணி. தன் தொப்பியை அதில் மாட்டச் சொன்னால்கூட அவர் யோசிப்பார்.

"நல்ல ஆணி," என்றார்.

"வில்ஃப்ரேதோ அடிச்சது," என்றாள் எனெய்தா, அவசரமாக.

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து அறைப் பெண்ணிடம் யூசிமீ விசாரித்தாள். காலையில் யாராவது டயரைத் தூக்கிக்கொண்டு போனார்களா?

"டயரா? இங்க ஒரு வெங்காயத்தைத் தூக்கிட்டுப் போனாலே பதினோரு வீட்டுலயும் 'என்ன குழம்பு'ன்னு கேப்போம். டயரு போனா தெரியாதா? எதுவும் போகல." துணியை உதறினாள். "ஏழு மணிக்கு ஒரு கேக்குதான் போச்சு. பெரிய டப்பா. யாரோ ஒருத்தன், வெயிட்டர் மாதிரி ஒத்தக் கையில ஏந்திக்கிட்டுப் போனான். டப்பா மறைச்சதால மூஞ்சி தெரியல. எங்களுக்கு ஒரு துண்டு குடுக்கணும்னு தோணிச்சா? மனுஷங்களே மாறிட்டாங்க."

"நாங்க கேக்கைத் தேடலம்மா," என்றார் ரெம்பெர்தோ, கொஞ்சம் கம்பீரமாக.

அன்று முழுவதும் அவர் சொன்ன முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதல் இடம்.

காரில் திரும்பும்போது அவர் தன் தர்க்கத்தை அவிழ்த்துவிட்டார். "பிஷப்பை யாரும் விக்க முடியாது. பக்கவாட்டுல இதய வடிவத்துல ஒட்டு இருக்குன்னு சொன்னே. ஊருக்கே தெரிஞ்ச முகம். ரோட்டுல ஓட்டவும் முடியாது, உடனே மாட்டிக்குவான். அப்போ அதால ஒரே ஒரு உபயோகம்தான். குழியில வெக்கலாம். ஆகவே இன்னொரு டிரைவர்தான் எடுத்திருக்கான். நாப்பது குழியையும் திறந்து பாத்தா முடிஞ்சுது."

"முதலாளி, ஸ்டெப்னியைத் தேடிக்கிட்டு ஸ்டெப்னி குழிக்குள்ள பாக்கணும்னு கண்டுபிடிச்சது உலகத்துலயே நீங்கதான்," என்றாள் யூசிமீ. "இதுக்கு ஒரு லைசென்ஸ் குடுக்கலாம்."

கேபிட்டல் கட்டடத்துக்குப் பின்னால் பூங்கா ஸ்டாண்டு. மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே ஒன்பது வண்டிகள் வரிசையில் நின்றன. டிக்கியைத் திறக்கச் சொன்னதும் ஒன்பது டிரைவர்களுக்கும் ஒரே நேரத்தில் காது மந்தமாகிவிட்டது.

"நீ யாரு? போலீஸா?"

"குடை ரிப்பேர்," என்று அட்டையை நீட்டினார் ரெம்பெர்தோ.

அப்போது எழுந்த சிரிப்பில் பூங்காவின் புறாக்கள் எல்லாம் இடம் மாறின. யூசிமீ ஒரு வண்டியின் பம்பர்மேல் ஏறி நின்றாள்.

"கேளுங்கப்பா, என் செல்லங்களா! பிஷப் கிடைக்கும்போது எனெய்தா அம்மா புது லிஸ்ட்டு போடுவாங்க. இன்னிக்கு டிக்கியைத் திறக்காதவன் பேரு அதுல கடைசி. அடுத்த எஃப்.சி.க்கு உங்க குழில உங்க மாமியாரைச் சுருட்டி வெச்சுக் காட்டுங்க."

ஒன்பது டிக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

முதல் குழியில் ஐஸ் கட்டி. அதன்மேல் வரிசையாகச் சிங்கி இறால் வால்கள். சிங்கி இறாலை இங்கே அரசாங்கம் மட்டும்தான் விற்கலாம். கருவாட்டைப் பார்த்தாலே போலீஸ் நிறுத்தும் ஊரில் இதைப் பார்த்தால் என்ன செய்யும் என்று யோசிக்கவே வேண்டாம். "மருந்து," என்றான் டிரைவர். "வயித்து வலிக்கு." மருந்தைச் சுற்றி ஈக்கள் ராட்டினம் ஆடின.

அடுத்ததில் வைக்கோல் படுக்கை போட்டு ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கீழே சைலன்சர் போவதால் குழி எப்போதும் கதகதப்பாக இருக்குமாம். இருபத்தோரு நாளில் பொரிய வேண்டிய முட்டை லா லீசாவுக்குப் போய் வந்து போய் வந்து பத்தொன்பது நாளில் பொரிந்துவிடுகிறதாம். கோழி யூசிமீயைப் பார்த்து, பயணிகளைப் பார்த்துப் பழகிய அலுப்போடு கண்ணை மூடிக்கொண்டது. அங்கேயும் ஈ.

மூன்றாவதில் குழி அளவுக்கே ஒரு ஸ்பீக்கர். அதைப் போட்டுக் காட்டுகிறேன் என்றவனை எல்லோரும் சேர்ந்து தடுத்தார்கள். அப்புறம் ஒரு குழியில் வெள்ளைப் பாலாடைக்கட்டி. இன்னொன்றில் டீசல் டேங்க். அதன் பக்கத்தில் நின்றுதான் உரிமையாளர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருவன் குழியைத் திறந்து காட்டிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். உள்ளே பாலே நடனக் காலணிகள், அவன் காலுக்குச் சரியான அளவில். யாரும் எதுவும் கேட்கவில்லை. யூசிமீகூடக் கேட்கவில்லை.

கடைசி வண்டி 1954 செவர்லே, நீலம். முப்பது வயது தாண்டாத ஒல்லியான டிரைவர். நேற்று எஃப்.சி. முடித்த ஒஸ்மெல் இவன்தான். ரெம்பெர்தோவுக்கு இவன்மேல்தான் முதலிலிருந்தே சந்தேகம். டிக்கியை அவரே ஆவேசமாகத் திறந்தார்.

குழியில் ஒரு பெரிய வெள்ளை அட்டைப் பெட்டி. மூடியில் இளஞ்சிவப்பு ரிப்பன்.

"கேக்கு," என்றான் ஒஸ்மெல். "அக்கா பொண்ணுக்குப் பதினஞ்சாவது பிறந்தநாள். குழில வெச்சா வளைவுல சாயாது."

யூசிமீ ரிப்பனுக்குள் விரலை நுழைத்தாள். ஒஸ்மெல் அவள் கையில் ஓர் அடி போட்டான். ரெம்பெர்தோவுக்கு வாயில் எச்சில் ஊறியது. காலையிலிருந்து ஒரு காபிதான். மன்னிப்புக் கேட்டு டிக்கியை மரியாதையாக மூடினார்.

மணி ஒன்றே முக்கால். பூங்கா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். அர்செனியோவின் குரல் நின்றுபோயிருந்தது. அதுதான் ரெம்பெர்தோவைப் பயமுறுத்தியது. அவன் நம்பர் பிளேட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கழற்றுவதற்கு முன் கடைசியாகத் துடைக்கிற மாதிரி.

"ஆலையில பாட்டில் தேடின ஆளுக்கு டயர் ரொம்பப் பெருசு போலிருக்கு," என்றார் ரெம்பெர்தோ. சுயபச்சாதாபத்தில் அவர் எப்போதும் நிபுணர். "நான் குடைக்கே திரும்பப் போயிடறேன்."

"குடைங்க என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் யூசிமீ. அவர் கையில் ஒரு வாழைப்பழ வறுவல் பொட்டலத்தைத் திணித்தாள். அதைப் பிரித்து முழுசாக ஒரு வினாடி ஆவதற்குள் இரண்டு ஈக்கள் வந்து உட்கார்ந்தன.

ரெம்பெர்தோ ஈக்களைப் பார்த்தார். ஈக்கள் அவரைப் பார்த்தன.

"யூசிமீ, இறாலைச் சுத்தி ஈ இருந்துச்சு."

"ஆமா."

"கோழியைச் சுத்தி இருந்துச்சு. பாலாடைக்கட்டியை அப்பியிருந்துச்சு. ஹவானால ஜூன் மாசம், மதியம், சூடான டிக்கில, முட்டை வெள்ளைக்கரு அடிச்சுப் பூசின ஒரு கேக்கு. அதுமேல ஒரு ஈ இருந்துச்சா?"

வறுவலை வாயருகே கொண்டுபோன அவள் கை அப்படியே நின்றது.

"ஒழுகவும் இல்ல. பெட்டி அட்டை பொட்டு ஈரமில்ல. ஏழு மணிக்கு எனெய்தா வீட்டுலேருந்து ஒத்தக் கையில போச்சே, அந்தக் கேக்கு. ஈகூட மதிக்காத கேக்கு."

"ஆனா முதலாளி, பிஷப்பை ஒத்தக் கையில எப்படி ஏந்த முடியும்? டயரு என்ன, தோசைக்கல்லா?"

"அந்த ஆணியைக் கேளு," என்று எழுந்தார் ரெம்பெர்தோ. எழுந்த வேகத்தில் வறுவல் சிதறியது. ஈக்கள் அவருக்கு நன்றிக்கடன் பட்டன.

ஒஸ்மெல் வண்டியை எடுத்துவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளை, ஆறாவது பயணிக்காகக் காத்திருந்தான். ரெம்பெர்தோ நேராகப் போய் டிக்கியைத் திறந்து ரிப்பனை இழுத்தார். வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது.

பெட்டிக்குள் கறுப்பாக, வட்டமாக, இதய வடிவ ஒட்டோடு, நடுவில் பழைய வீல் கப் பளபளக்க, பிஷப் எழுந்தருளியிருந்தார்.

"திருடா!" என்று அர்செனியோவுக்குக் குரல் திரும்பி வந்தது. பாய்ந்து டயரை இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் தூக்கினான். அவன் போட்ட பலத்துக்கு டயர் தலைக்குமேல் போய், அவனும் பின்னால் இரண்டடி போய் விழுந்தான். டயர் அவன் மார்பில் மல்லாந்து கிடந்தது.

மல்லாந்து கிடந்ததில் மறுபக்கம் தெரிந்தது. மறுபக்கம் என்று ஒன்று இல்லை. ரொட்டியைக் குறுக்கே அரிந்த மாதிரி, நட்டநடுவில் சீராக அறுத்த பாதி டயர். நடுவில் வீல் கப்பைத் தாங்க ஒரு தகரத் தட்டு. மொத்த கனமும் ஒரு பூனை அளவு.

"பாதி!" என்றான் அர்செனியோ, தரையிலிருந்து.

"அடடா, பாதியா?" என்றான் இறால்காரன்.

"என்ன அநியாயம்! பாதியா?" என்றான் கோழிக்காரன்.

யூசிமீ இடுப்பில் கைவைத்து வரிசையைப் பார்த்தாள். "ஏம்பா, எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்டதான் ஆச்சரியப்படக் கத்துக்கிட்டீங்களா? ஒருத்தனுக்கும் புருவம்கூட ஏறல."

கடைசியில் இறால்காரன் முனகினான்: "எனெய்தா அம்மா குடுக்கும்போது கையப் புடிச்சுச் சொன்னாங்க. 'இது உனக்கும் எனக்கும் மட்டும்'னு."

"உன்கிட்டயுமா?" என்றான் கோழிக்காரன். இந்தத் தடவை ஆச்சரியம் அசல்.

அப்புறம்தான் ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்த்தான். அந்த ரகசியத்தை அந்த ரூட்டில் தான் ஒருவன் மட்டும் சுமப்பதாக நினைத்து ஒவ்வொருவனும் வருடக்கணக்காகச் சுமந்திருக்கிறான். பாதி டயரை முழு டயர் என்று நடித்து, முக்கி முனகித் தூக்கி, மற்றவன் எதிரில் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தெரியாதவன் ஒருத்தன்தான். போன வருடம் சேர்ந்த, பிஷப்பை இதுவரை தொடாத அர்செனியோ.

"எதுக்கு எடுத்தே?" என்று கேட்டார் ரெம்பெர்தோ. குரலில் கோபம் இருக்கவேண்டும் என்று நினைத்தார். வரவில்லை.

ஒஸ்மெல் டயரை எடுத்து மண்ணைத் துடைத்தான். "புது இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. பழைய ஆளு எட்டிப் பாத்துட்டு டிக் அடிப்பாரு. இவரு நேத்து குழிக்குள்ள கையை விட்டு பிஷப்பை ரெண்டு தட்டு தட்டினாரு. தட்டிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. எனக்கு உசுரே போயிடுச்சு. அடுத்த ஆளுக்கு நிச்சயம் தூக்கிப் பாப்பாரு. பாத்தா அர்செனியோவுக்கு பிளேட்டு போகும். 'யார் குடுத்தது'ன்னு கேப்பாங்க. எனெய்தா அம்மா வீட்டு வாசல்ல ஜீப்பு நிக்கும்."

"அதை என்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று கத்தினான் அர்செனியோ.

"உன்கிட்ட சொல்றதுக்கு வானொலில சொல்லிடலாம். திருட்டுப் போச்சுன்னா நீயே வேற தேதி வாங்கிப்பேன்னு நெனச்சோம். நானும் அந்தம்மாவும்தான் யோசிச்சோம். உன் பெர்மிட்டு இன்னிக்கோட முடியுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. உலகத்துல இருக்கறதையெல்லாம் சொன்னே, அதை மட்டும் சொல்லலியே!"

"மத்த பாதி எங்க?" என்று யூசிமீ கேட்டாள்.

ஒஸ்மெல் குனிந்து தன் காலைப் பார்த்தான். "தொண்ணூத்தி மூணுல. எனக்கு அப்போ எட்டு வயசு. நானும் எனெய்தா அம்மா இருக்கற அந்த முத்தத்துலதான் வளந்தேன், எங்க யாருக்கும் செருப்பு இல்ல. கடையிலயும் இல்ல. வில்ஃப்ரேதோ ரம்பத்தை எடுத்து, தன்கிட்ட இருந்த ஒரே ஸ்டெப்னியை அறுத்தாரு. பதினோரு வீட்டுப் பிள்ளைங்களுக்கும் அடி வெட்டித் தெச்சுக் குடுத்தாரு. எனக்கு அந்த ஒட்டு பக்கத்துல இருந்த துண்டு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் ஆறாங் கிளாஸ் வரைக்கும் போனேன். அந்த அம்மாவைப் போய் ஏமாத்துக்காரின்னு ஒருத்தன் சொல்றதை நான் கேக்கணுமா?"

ரெம்பெர்தோவின் கண்ணில் தூசி விழுந்தது. பூங்காவில் தூசி அதிகம். குடைக்காரருக்கு ஒரு குடை கையில் இருந்தால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிற்று; இல்லை.

"சரி, அழுது முடிச்சாச்சுன்னா," என்றாள் யூசிமீ, தன் மூக்கையும் உறிஞ்சிக்கொண்டு, "மணி ரெண்டே கால். பிஷப் கிடைச்சுட்டாரு. இப்போ கேஸை ஜெயிச்சு, கட்சிக்காரனைத் தோக்கவெச்சுட்டோம். முதலாளி, இது உங்களுக்கு சாதனை."

"இன்னொரு டயர் வேணும். முழுசா," என்றான் அர்செனியோ வெறுமையாக. "ஹவானால. முக்கால் மணி நேரத்துல."

ஹவானாவில் முக்கால் மணி நேரத்தில் டயர் வாங்குவதைவிடப் பனிப்பொழிவுக்கு ஏற்பாடு செய்வது சுலபம்.

யூசிமீ ஒஸ்மெலின் வண்டியைப் பார்த்தாள். முன் சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் பின் சக்கரம். அப்புறம் வரிசையில் நின்ற ஒன்பது வண்டிகளையும் பார்த்து, விரலால் எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... முப்பத்தாறு."

"என்ன முப்பத்தாறு?"

"டயரு. கண்ணு முன்னாடி. எல்லாம் முழுசு, எல்லாம் காத்தோட, எல்லாம் ஒரே அளவு குழிக்கு. இருபது வருஷமா நாப்பது ஆம்பளைங்க பாதி டயரை வெச்சுக்கிட்டு நாடகம் போட்டிருக்கீங்களே, நிக்கற வண்டில ஒரு சக்கரத்தைக் கழட்டி ரெண்டு மணி நேரம் கடன் குடுக்கலாம்னு ஒருத்தனுக்குமா தோணல?"

தோன்றவில்லை. ஸ்டாண்டில் நிற்கிற வண்டி என்றால் அடுத்து ஓடவேண்டிய வண்டி. அதன் சக்கரத்தைக் கழற்றுவது என்பது தூங்குகிறவனின் காலைக் கழற்றுவது மாதிரி. யார் மனதிலும் வராது. அதோடு, பிஷப்தான் இருக்கிறாரே!

ஒஸ்மெல் ஜாக்கியைத் தேடி ஓடினான். கோழிக்காரன் ஸ்பேனர் கொடுத்தான். பாலே காலணிக்காரன் எங்கிருந்தோ நான்கு செங்கல் கொண்டுவந்தான். அர்செனியோ தன் குழியிலிருந்த தண்ணீரைப் பூங்கா மரத்துக்குப் பாய்ச்சினான். நகரசபை செய்யாததை அந்த மரம் அன்று அனுபவித்தது. இரண்டு முப்பத்தைந்துக்கு நீல செவர்லே மூன்று காலில் நின்றது. செங்கல் அடுக்கின்மேல் ஒரு மூலையைச் சாய்த்து, பல் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி இருந்தது.

எஃப்.சி. கொட்டகையில் ரெம்பெர்தோவும் யூசிமீயும் பின்சீட்டை விட்டு இறங்கவில்லை. 'பயணிகள்' என்றார்கள். பின்னால் டிக்கி திறந்தது. சீட்டின் முதுகு வழியாக எல்லாம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் குழிக்குள் கையை விட்டார். தட்டினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். பாதி டயருக்கு வேண்டிய பலத்தைத்தான் போட்டிருக்கவேண்டும். முழு டயர் அசையவில்லை. அவர் முதுகுதான் எங்கேயோ 'கடக்' என்றது.

"அய்யோ!"

அர்செனியோ மூச்சுவிடவில்லை. பின்சீட்டிலும் யாரும் விடவில்லை.

கொஞ்ச நேரம் இடுப்பைத் தேய்க்கிற சத்தம். பிறகு பேனா கிறுக்கும் சத்தம். டிக். டிக். முத்திரை விழுந்தது.

"இது அவரு இல்லியே," என்றார் இன்ஸ்பெக்டர், ரொம்ப மெல்ல.

"எ... எவரு?"

"இதயம் மாதிரி ஒட்டு போட்டவரு. இந்த ரெண்டு வாரத்துல உங்க ரூட்டு வண்டி ஆறு வந்துச்சு. ஆறுலயும் அவரேதான் படுத்திருந்தாரு. நேத்து தட்டிப் பாத்தேன், வெறும் தகரச் சத்தம். எவ்வளவு அழகா அறுத்திருக்கான்! கைவேலைன்னா அது."

அர்செனியோ பேசவில்லை. இவ்வளவு நேரம் இவன் பேசாமல் இருந்ததே இல்லை என்று ரெம்பெர்தோ கணக்குப் போட்டார்.

இன்ஸ்பெக்டரின் குரல் இன்னும் தாழ்ந்தது. "என்கிட்ட ஒரு நாப்பத்தொம்போது ஃபோர்டு இருக்கு, தம்பி. என் வண்டியை நானே பாக்கக் கூடாது, சட்டம். அடுத்த செவ்வாக்கிழமை மரியானாவ் கொட்டகையில எஃப்.சி. அங்க இருக்கறவருக்கு முதுகுவலி, எதையும் தூக்க மாட்டாரு. அந்தப் பாதியை... ஒருநாளைக்கு... கிடைக்குமா? இது உனக்கும் எனக்கும் மட்டும்."

டிக்கி மூடியது. அர்செனியோ முன்சீட்டில் வந்து உட்கார்ந்தான். கண்ணாடியில் புது ஸ்டிக்கரை ஒட்டினான். விரலால் நான்கு மூலையையும் நீவினான். வண்டியை எடுத்தான். ஒரு சிக்னல் போயிற்று, இரண்டு போயிற்று. ஊரில் ஒரு விஷயத்தையும் தன் வயிற்றில் தங்கவிடாத அந்த மனிதன் வாயைத் திறக்கவே இல்லை.

எல்லாம் காதில் விழுந்திருந்தும் யூசிமீயால் அவனைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை. "என்னதான் சொன்னாரு உன் இன்ஸ்பெக்டர்?"

அர்செனியோ ரோட்டையே பார்த்தான்.

"மழை வரும்னாரு."

ரெம்பெர்தோ ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. "அப்போ கடையைத் திறந்துடலாம்," என்றார். "குடைக்கு ஆள் வரும்."

பூங்கா ஸ்டாண்டில், செங்கல்மேல் சாய்ந்து நின்ற நீல செவர்லேயின் பம்பரில் ஒஸ்மெல் உட்கார்ந்திருந்தான். மடியில் கேக் பெட்டி. ரிப்பனைப் பழையபடியே கட்டியிருந்தான். பச்சை வண்டியின் கண்ணாடியில் புது ஸ்டிக்கரைக் கண்டதும் எழுந்து நின்று, பெட்டியை ஒற்றைக் கையில் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

"அதைப் பத்திரமா அந்தம்மாகிட்ட குடுத்துடு," என்று கத்தினான் அர்செனியோ. பிறகு ஞாபகம் வந்தவனாகக் குரலை அடக்கிக்கொண்டான். "செவ்வாக்கிழமைக்கு... எனக்கு ஒருநாள் வேணும். ஏன்னு கேக்காதே."

வரிசையில் நின்ற எட்டு டிரைவர்களில் ஒருவன்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.